பட்டியலில் இல்லாத மாவட்டம்

கள்ளக்குறிச்சி பஸ் நிலையத்திலிருந்து நடந்து வரும் தூரத்தில் ஆன்லைன் சென்டர் வைத்திருக்கிறேன். சான்றிதழுக்கு மனு போடுவது, கல்லூரிக்கு விண்ணப்பிப்பது, போட்டோவைச் சின்னதாக்குவது, பிரிண்ட் எடுத்துக் கொடுப்பது. பல வருடமாக இதுதான் வேலை. பெண் நடத்தும் கடை என்று பெண்கள் நிறைய வருவார்கள். என் வாய்க்குப் பயந்து அதில் பாதிப் பேர் மறுபடி வரமாட்டார்கள். நான் அப்படித்தான். சாந்தமாக இருக்க வேண்டுமென்றால் வேறு தொழிலுக்குப் போயிருப்பேன்.

இந்த இணையதளங்களையெல்லாம் யார் செய்கிறார்கள் என்று எனக்கு நீண்ட நாள் தெரியாது. அவர்கள் மனதில் ஒரு ஆள் இருக்கிறார் என்பது மட்டும் தெரியும். அந்த ஆளுக்குச் சொந்தமாக ஒரு போன் இருக்கும். மின்னஞ்சல் இருக்கும். ஆங்கிலம் வாசிப்பார். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் இருக்கும் பெயரும் ஆதாரில் இருக்கும் பெயரும் அவருக்கு ஒன்றாக இருக்கும். அப்படி ஒருவர் இதுவரை என் கடைப் படியேறி வந்ததில்லை.

பிறந்த தேதி கேட்கும் இடத்தில் ஒரு காலண்டர் திறக்கும். அது இந்த மாதத்தில்தான் திறக்கும். பின்னால் போக ஒரு சின்ன அம்புக்குறி. ஒரு தடவை அமுக்கினால் ஒரு மாதம் பின்னால் போகும். வருடத்தைத் தட்டிப் போட வழியில்லை. ரிஷிவந்தியம் பக்கத்திலிருந்து முதியோர் உதவித்தொகைக்கு மனு போட வந்த ஒரு விவசாயி, நான் அந்த அம்புக்குறியை டொக்கு டொக்கு என்று அமுக்குவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். காபி குடித்துவிட்டு வந்தார். திரும்பவும் பார்த்தார்.

"இன்னாம்மா, எங்க வந்துருக்குது?"

"இப்பதான் எண்பதைத் தாண்டியிருக்கேன், இருங்க."

"நான் பொறக்கறதுக்குள்ள செத்துடுவேன் போலகீதே."

கடையில் இருந்தவர்கள் எல்லாம் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. எனக்கு விரல் வலித்தது. அறுபது, எழுபது வயது ஆள்தான் அந்த விண்ணப்பத்தைப் போடுவார் என்று தெரிந்தே செய்த தளம் அது. செய்தவன் ஒரே ஒரு கிழவரின் பிறந்த தேதியைத் தன் கையால் போட்டுப் பார்த்திருந்தால் அந்தக் காலண்டர் அங்கே இருந்திருக்காது.

இன்னொரு தளத்தில் 'சமர்ப்பி' என்ற பொத்தானும் 'அழி' என்ற பொத்தானும் ஒரே பச்சை நிறத்தில் ஒட்டிக்கொண்டு இருக்கும். இன்னொன்றில் ஓரத்தில் 'தமிழ்' என்று இருக்கும். அமுக்கினால் மேலே உள்ள தலைப்பு மட்டும் தமிழாகும், மற்றதெல்லாம் ஆங்கிலத்திலேயே நிற்கும். நாற்பது கட்டங்களை நிரப்பிக் கடைசியில் அமுக்கினால் சிவப்பில் 'தவறு' என்று வரும். எந்தக் கட்டத்தில் தவறு என்று வராது. நாமாகத் தேட வேண்டும். தேடி முடிப்பதற்குள் நேரம் முடிந்துவிட்டது, முதலிலிருந்து தொடங்கு என்று வரும். எதிர்க் கடை டீ மாஸ்டர், கண்ணாடிக் கதவு வழியாக என் திரையில் வட்டம் சுற்றுவதைப் பார்த்தாலே குரல் கொடுப்பார். "இன்னா மேடம், இன்னிக்கும் ரங்கராட்டினமா?"

இதையெல்லாம் நான் கையால் கற்றுக்கொண்டேன். எந்தத் தளம் காலையில் மட்டும் வேலை செய்யும், எதில் பின்னால் போனால் எல்லாம் அழிந்துபோகும், எதில் 'சேமிக்கப்பட்டது' என்று வந்தாலும் சேமித்திருக்காது என்று எனக்குத் தெரியும். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் இருந்தது. அதையும் சொல்லிவிடுகிறேன்.

ஒரு பழக்கத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். இந்த ஊரில் சென்டர் வைத்திருக்கும் எல்லோருக்கும் அந்தப் பழக்கம் உண்டு. எந்த விண்ணப்பமாக இருந்தாலும் போன் நம்பர் கேட்கும். அந்த நம்பருக்கு ஓ.டி.பி. வரும். அதைச் சொன்னால்தான் அடுத்த பக்கம் திறக்கும். வருகிறவர்களில் பாதிப் பேரிடம் போன் இருக்காது. இருந்தால் வீட்டுக்காரர் எடுத்துக்கொண்டு கரும்பு வெட்டப் போயிருப்பார். அல்லது ரீசார்ஜ் முடிந்து மெசேஜ் வராது. கருணாபுரத்திலிருந்து கூலி வேலையைப் பாதியில் விட்டுவிட்டு வந்து நிற்கும் பெண்ணிடம் 'போய் போன் எடுத்து வா' என்றால் அவளுக்கு அன்றைய நாள் போய்விடும். அதனால் நாங்கள் எங்கள் நம்பரையே போட்டுவிடுவோம். அதற்கென்று மேசை டிராயரில் ஒரு போன் வைத்திருக்கிறேன். ஓ.டி.பி. வரும், போடுவேன், வேலை முடியும். வந்தவர்களுக்கும் நிம்மதி, எனக்கும் நிம்மதி. அதற்குப் பிறகு அந்த விண்ணப்பத்தைப் பற்றி எந்தச் செய்தி வந்தாலும் அது என் டிராயருக்குத்தான் வரும் என்பதை நாங்கள் யாரும் பேசிக்கொள்வதில்லை.

பன்னிரண்டாம் வகுப்பு முடிவுகள் வந்த கோடையில் மலையிலிருந்து ஒரு தாயும் மகளும் வந்தார்கள். கரியாலூரிலிருந்து இன்னும் உள்ளே நடந்து போக வேண்டிய ஒரு சின்ன ஊர். முதல் பஸ்ஸைப் பிடித்து வந்தும் கடைக்கு வந்து சேரும்போது வெயில் ஏறிவிட்டது. தாய்க்கு என் வயது இருக்கும். மகள் மலையில் ஒரு விடுதிப் பள்ளியில் படித்தவள். நல்ல மதிப்பெண். நர்ஸ் படிப்புக்கு விண்ணப்பிக்க வேண்டும். எல்லாத் தாள்களையும் ஒரு பழைய காலண்டர் அட்டைக்குள் வைத்து, மடங்காமல் கொண்டுவந்திருந்தாள். என் கடைக்கு வருகிறவர்களில் தாள்களை அவ்வளவு ஒழுங்காக வைத்திருந்தவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை.

"நர்ஸ்ஸுக்கு ஏன் போற, டீச்சர் ஆவலாமே" என்று பேச்சுக்குக் கேட்டேன்.

மகள் பதில் சொல்வதற்குள் தாய் சொன்னாள். "எங்க ஊருக்கு ஊசி போட ஆளு வர்றது எலெக்சனுக்கு ஆளு வர்றாப்ல. எப்பனா ஒரு தபா வருவாங்க, சிரிச்சிக்கினு போய்டுவாங்க. இவ படிச்சா ஊர்லயே ஒரு ஆளு இருக்கும்ல."

தாயிடம் போன் நம்பர் கேட்டேன். சொன்னாள். ஓ.டி.பி. போயிருக்கும், போனைப் பாருங்கள் என்றேன்.

"போன் மரத்துல இருக்குதுங்க."

"எந்த மரத்துல?"

"எங்கூர்ல, பாறை மேல ஒரு நாவ மரம். அங்கதான் டவர் எடுக்கும். டப்பால போட்டு மாட்டி வெச்சிருக்கோம்."

"ஏம்மா, போன்னா கையில வெச்சிக்கினு வர்றது இல்லியா? மரத்துல மாட்டிட்டு வர்றதா? இது இன்னா குருவிக் கூடா?"

மகள் தலை குனிந்துகொண்டாள். தாய் சிரித்தாள். கோபிக்கவில்லை.

"அது எங்க ஒரு வூட்டு போன் இல்லீங்க. அஞ்சு வூட்டுக்கும் அதான். நான் எடுத்துக்கினு வந்துட்டா, கேரளாவுல இருக்கற பசங்க கூப்ட்டா யாரு பேசறது? போன, டவர் வர்ற எடத்துலதான வெக்கணும்."

அவள் சொன்னது சரிதான். ஐந்து வீட்டுக்கு ஒரு போன் என்றால் அதை ஒருத்தி பையில் போட்டுக்கொண்டு வர முடியாது. ஆனால் அன்று எனக்கு அது பெரிய முட்டாள்தனமாகத் தெரிந்தது. பின்னால் ஆறு பேர் நின்றார்கள். நம்பரை அழித்துவிட்டு என் நம்பரைப் போட்டேன். டிராயர் போன் மணியடித்தது. அடுத்த பக்கம் திறந்தது.

அடுத்த பக்கத்தில் மாவட்டம் கேட்டது. அம்புக்குறியை அமுக்கினால் பட்டியல் கீழே விரியும், அதில் ஒன்றைத் தொட வேண்டும். எழுதிப் போட முடியாது. அந்தப் பட்டியலில் கள்ளக்குறிச்சி இல்லை.

மாவட்டம் பிரிந்து வருடங்கள் ஆகிவிட்டன. கலெக்டர் இருக்கிறார், போர்டு இருக்கிறது, பஸ்ஸில் எழுதியிருக்கிறது. இந்தப் பட்டியலைச் செய்தவனுக்கு மட்டும் தெரியவில்லை. உதவி எண் என்று போட்டிருந்ததற்குக் கூப்பிட்டேன். நாதஸ்வரம் வாசித்தான். கல்யாண வீட்டில் நிற்பது போல வெகுநேரம் காதில் வைத்துக்கொண்டு நின்றேன். பிறகு தானாகவே வைத்துவிட்டான்.

இப்படி வந்தால் நாங்கள் விழுப்புரம் என்று போட்டுவிடுவோம். முன்னால் நாங்கள் அதில்தானே இருந்தோம். அதையே தொட்டேன்.

அந்தப் பெண் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மெதுவாகச் சொன்னாள். "அக்கா, சாதிச் சான்றிதழ்ல கள்ளக்குறிச்சின்னு இருக்குது. இங்க வேற போட்டா கேக்கமாட்டாங்களா?"

"நீ எனக்குக் கத்துக் குடுக்கறியா?" என்றேன். "தெனம் நூறு போடறேன். எல்லாம் வரும்."

அவள் வாயை மூடிக்கொண்டாள். அந்த விண்ணப்பத்தில் தப்பு எங்கே இருக்கிறது என்று சரியாகப் பார்த்த ஒரே ஆள் அவள்தான். மாவட்டத்தைப் பட்டியலில் சேர்க்காமல் விட்டவனும் பார்க்கவில்லை, நானும் பார்க்கவில்லை.

சமர்ப்பித்தேன். ஒரு நீள எண் வந்தது. பிரிண்ட் எடுத்துக் கொடுத்தேன். ஏதாவது செய்தி வந்தால் எனக்கு வரும், நான் போன் பண்ணுகிறேன் என்றேன். தாய் மரத்து போன் நம்பரை என் நோட்டில் எழுதச் சொன்னாள். மகள் எழுதினாள். 'யார் எடுத்தாலும் சொல்லிவிடவும்' என்று பக்கத்தில் அழகான கையெழுத்தில் சேர்த்தாள். போகும்போது தாய் மடியிலிருந்து ஒரு பொட்டலம் கடுக்காய் எடுத்து மேசையில் வைத்தாள். வயிற்றுக்கு நல்லது, கோபம் கம்மியாகும் என்றாள். வேண்டுமென்றே சொன்னாளா, வெள்ளையாகச் சொன்னாளா என்று இன்றுவரை தெரியாது.

பிறகு ஜூன் வந்தது. ஜூன் மாதம் என் கடை எப்படி இருக்கும் என்று இந்த ஊரில் பிள்ளை படிக்க வைத்தவர்களுக்குத் தெரியும். வருமானச் சான்று, இருப்பிடச் சான்று, முதல் பட்டதாரிச் சான்று. வரிசை டீக்கடை வரை போகும். டிராயர் போன் நாள் முழுக்க உள்ளே அதிர்ந்துகொண்டே இருக்கும். சாப்பிடும்போது எடுத்துப் பார்ப்பேன். ஓ.டி.பி.யாக இல்லாத எதையும் கட்டைவிரலால் தள்ளிவிடுவேன். தளங்கள் அனுப்பும் மெசேஜில் ஆளின் பெயர் இருக்காது. ஒரு நீள எண் இருக்கும். உங்கள் விண்ணப்பத்தின் நிலை மாறியுள்ளது, உள்ளே சென்று பார்க்கவும் என்று ஆங்கிலத்தில் இருக்கும். ஏற்றுக்கொண்டாலும் அதே வரி, நிராகரித்தாலும் அதே வரி. யாருக்கு, என்ன, எப்போதைக்குள் என்று எதுவும் இருக்காது.

ஜூலையில் ஒரு நாள் அந்தத் தாய் மட்டும் தனியாக வந்தாள். பள்ளியில் இவள் மகளோடு படித்த, மலைக்குக் கீழே உள்ள ஊர்ப் பெண்ணுக்கு இடம் கிடைத்துவிட்டதாம். மதிப்பெண் இவளைவிடக் குறைவாம். எங்களுடையது என்ன ஆனது என்று கேட்டாள்.

விண்ணப்ப எண்ணைப் போட்டுத் திறந்தேன். மேலே ஒன்றும் இல்லை. வலது ஓரத்தில் மூன்று கோடு போட்ட ஒரு சின்னக் குறியை அமுக்கி, அதற்குள் 'என் கோரிக்கைகள்' என்பதைத் திறந்து, அதற்குள் ஒரு கோப்பைத் திறந்தால் அங்கே இருந்தது. மாவட்டம் சான்றிதழோடு பொருந்தவில்லை. ஐந்து நாளுக்குள் திருத்தவும். திருத்தாததால் விண்ணப்பம் ரத்து செய்யப்பட்டது. அந்த ஐந்து நாள் முடிந்து மூன்று வாரம் ஆகியிருந்தது.

என் வாயில் வந்ததையெல்லாம் கம்ப்யூட்டரைப் பார்த்துச் சொன்னேன். ஊரையே பட்டியலில் போடாமல் விட்டுவிட்டு, பொருந்தவில்லை என்று நம்மைச் சொல்கிறான் பார் என்றேன். இதை எந்தப் பொந்தில் கொண்டுபோய் ஒளித்து வைத்திருக்கிறான் பார் என்றேன்.

தாய் திரையைப் பார்த்தாள். அவளுக்கு வாசிக்கத் தெரியாது. என் முகத்தைப் பார்த்தாள்.

"நமக்குச் சொல்லவே இல்லீங்களா அவங்க?"

"சொல்லலம்மா. ஒரு வார்த்த சொல்லல."

அதைச் சொன்னபோது அது பொய் என்று எனக்குத் தெரியாது. ஆனால் டிராயரைத் திறந்து போனைப் பார்க்கவும் இல்லை. கை அந்தப் பக்கம் போகவே இல்லை.

கலெக்டர் அலுவலகத்துக்கு மனு எழுதிக் கொடுத்து அனுப்பினேன். அங்கே, இது சென்னையில் நடக்கும் வேலை, எங்கள் கையில் இல்லை என்றார்களாம். சென்னைக்கு மின்னஞ்சல் போட்டேன். தங்கள் அஞ்சல் கிடைத்தது, நன்றி என்று வந்தது. அவ்வளவுதான்.

இதற்குக் கொஞ்ச நாள் கழித்து சென்டர் வைத்திருப்பவர்களை எல்லாம் ஒரு கூட்டத்துக்குக் கூப்பிட்டார்கள். அந்தத் தளத்தைப் பார்த்துக்கொள்ளும் சென்னைக் கம்பெனியிலிருந்து ஆட்கள் வருகிறார்கள், மக்கள் சுலபமாகப் பயன்படுத்துகிற மாதிரி தளத்தை மாற்றப் போகிறார்கள், கருத்துச் சொல்ல வேண்டும் என்றார்கள். கள்ளக்குறிச்சியிலேயே ஒரு மண்டபத்தில் நடந்தது. பிஸ்கட் வைத்திருந்தார்கள். ஒரு இளைஞன் படம் போட்டுக் காட்டினான். கூட ஒரு பெண், நோட்டுப் புத்தகத்தோடு ஓரமாக உட்கார்ந்திருந்தாள்.

மெனு மேலே இருந்தால் நல்லதா, பக்கவாட்டில் இருந்தால் நல்லதா என்று கேட்டான். நீலம் பிடிக்குமா, பச்சை பிடிக்குமா என்று கேட்டான். பிறகு, "இப்ப நீங்களே ஒரு தடவ செஞ்சு பாருங்க, எங்க கஷ்டமா இருக்குன்னு சொல்லுங்க" என்று ஒரு மடிக்கணினியை முன் வரிசையில் கொடுத்தான். முன் வரிசையில் நான்தான் இருந்தேன்.

"உங்க மாவட்டத்த செலக்ட் பண்ணுங்க மேடம்."

"நீ பண்ணு தம்பி" என்று அவன் பக்கம் திருப்பினேன். "இப்ப நீ நிக்கற ஊர செலக்ட் பண்ணு."

பட்டியலை விரித்தான். மேலிருந்து கீழே போனான். கீழிருந்து மேலே வந்தான். பின்னாலிருந்து ஒருவர் குரல் கொடுத்தார். "சார், நாங்கல்லாம் இன்னும் பொறக்கலீங்களா?" இன்னொருவர், "அப்ப இந்த பிஸ்கட்டு எந்த மாவட்டத்துக் கணக்குல வந்துச்சு?" என்றார். மண்டபமே சிரித்தது.

அவன் முகம் சிவந்தது. "இது மாஸ்டர் டேட்டாங்க. லிஸ்ட்டெல்லாம் வேற டீம் பாக்கறது. எங்க வேல டிசைன் மட்டும்தான்."

நான் எழுந்து நின்றேன். மலையிலிருந்து வந்த அந்தப் பெண்ணைப் பற்றிச் சொன்னேன். கத்தினேன் என்றுதான் சொல்ல வேண்டும். நீலம் போட்டாலும் பச்சை போட்டாலும் எங்களுக்கு ஒன்றுதான், முதலில் எங்கள் ஊரைப் போடு என்றேன். எல்லோரும் கை தட்டினார்கள். எனக்கு நன்றாக இருந்தது.

சாப்பாட்டு நேரத்தில் அந்த நோட்டுப் புத்தகக்காரப் பெண் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அவள் வேலையே இதுதானாம். மக்கள் தளத்தில் எந்த இடத்தில் தடுக்கி நிற்கிறார்கள் என்று கேட்டுக் கேட்டு எழுதுவது. "அவங்க உங்க கடைக்குள்ள வந்ததுல இருந்து ஒண்ணொண்ணா சொல்லுங்க மேடம்" என்றாள். சொன்னேன். நடுவில் பேசாமல் எழுதினாள். மரத்தில் போன் மாட்டியதைச் சொன்னபோது மட்டும் நிமிர்ந்து, எத்தனை வீட்டுக்கு ஒரு போன் என்று கேட்டாள். நான் கிண்டலாகச் சொன்ன விஷயத்தை அவள் கிண்டலாக எடுத்துக்கொள்ளவில்லை.

"அப்ப யார் நம்பர் குடுத்தீங்க?"

"என்னோடதுதான். எல்லாரும் அப்படித்தான் போடுவோம்."

"திருத்தச் சொல்லி மெசேஜ் வந்துச்சா?"

"வரல" என்றேன். பிறகு, "வந்திருக்காது" என்றேன்.

"தேடிப் பாக்கலாமா மேடம்? எங்க பக்கம் அனுப்பாம விட்டிருந்தா அதுவும் எனக்குத் தெரியணும்."

டிராயர் போன் அன்று என் பையில் இருந்தது. நான் சென்னைக்குப் போட்ட மின்னஞ்சலிலிருந்து விண்ணப்ப எண்ணை எடுத்து, அதன் கடைசி இலக்கங்களைப் போட்டுத் தேடினாள். வந்திருந்தது. ஜூன் மாதம், மதியச் சாப்பாட்டு நேரத்தில். படிக்காத மெசேஜ் பக்கத்தில் ஒரு புள்ளி இருக்கும். இதில் அந்தப் புள்ளி இல்லை. நான் திறந்து பார்த்திருக்கிறேன். பார்த்துவிட்டுத் தள்ளியிருக்கிறேன்.

அவள் என்னைத் திட்டவில்லை. "இது டிசைன் தப்புதான் மேடம். பேர் இல்ல, என்ன தப்புன்னு இல்ல, கடைசித் தேதி இல்ல. யார் பாத்தாலும் விட்டிருப்பாங்க. உங்க தப்பு இல்ல."

எனக்கு வந்த கோபத்தில் அவள் நோட்டுப் புத்தகத்தைத் தட்டினேன். "அப்படி எழுதாதீங்க. அது பாதிதான். அந்தப் பொண்ணு எங்கிட்டயே சொல்லுச்சு, மாவட்டம் வேறயா இருக்குதுன்னு. நான்தான் வாய மூடுன்னேன். மெசேஜ் வந்துச்சு, கடைக்காரி பாத்தா, தள்ளிட்டான்னு எழுதுங்க. அதையும் எழுதினாதான் உங்க தளம் சரியாவும்."

அவள் எழுதினாள். பிறகு வெகுநேரம் பேசினோம். நம்பர் கேட்கும் இடத்தில், இது உங்கள் நம்பரா, கடைக்காரருடையதா என்று ஒரு கேள்வி கேள் என்றேன். கடைக்காரருடையது என்றால் ஊரில் செய்தி சொல்ல இன்னொரு நம்பர் கேள். மெசேஜில் பெயரைப் போடு, தமிழில் போடு, என்ன செய்ய வேண்டும் என்று போடு. விண்ணப்ப எண்ணை வைத்து யார் வேண்டுமானாலும் எந்த போனிலும் நிலையைப் பார்க்கிற மாதிரி முதல் பக்கத்திலேயே வை. அவள் எதற்கும் முடியாது என்று சொல்லவில்லை. சொல்லிப் பார்க்கிறேன் என்றாள்.

அதில் சில வந்தன. எல்லாம் அடுத்த வருடம். நீல நிறம் வந்தது. நம்பர் யாருடையது என்ற கேள்வி வந்தது. கள்ளக்குறிச்சியும் வந்தது, ஆனால் அகரவரிசையில் இல்லை. பட்டியலின் அடியில், விருதுநகருக்கும் கீழே, கடைசியில் ஒட்ட வைத்திருந்தார்கள். தெரியாதவர்கள் இன்னும் நடுவில் தேடிவிட்டு விழுப்புரத்தைத் தொடுகிறார்கள்.

கூட்டம் நடந்த மறுவாரம் கடையைச் சாத்திவிட்டு மலைக்குப் பஸ் ஏறினேன். அருவிக்குப் போகிற பையன்கள் பஸ் முழுக்கப் பாடிக்கொண்டு வந்தார்கள். கரியாலூரில் இறங்கி, விசாரித்து, ஒரு பால் வண்டியில் கொஞ்ச தூரமும் நடந்து கொஞ்ச தூரமும் போனேன். போன் பண்ணியே சொல்லியிருக்கலாம். ஐந்து வீட்டு போனில் யார் எடுப்பார்களோ, அவர்களிடம் இதை எப்படிச் சொல்லி அனுப்புவது என்று தெரியவில்லை.

தாய் சாமைக் கொல்லையில் களை எடுத்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் பதறி எழுந்தாள். நல்ல சேதி கொண்டுவந்திருக்கிறேன் என்று நினைத்துவிட்டாள். அந்த முகத்தை நான் பார்த்திருக்கக் கூடாது.

"இடம் வந்துடுச்சீங்களா?"

"இல்லம்மா."

வரப்பில் உட்கார்ந்து சொன்னேன். மெசேஜ் வந்தது, என் போனுக்குத்தான் வந்தது, நான் பார்த்தும் விட்டுவிட்டேன், உன் மகள் அன்றைக்கே சரியாகச் சொன்னாள், நான் அதட்டினேன், பிறகு உன்னிடம் பழியைக் கம்ப்யூட்டர் மேல் போட்டேன். இடையில் நிறுத்தாமல் சொல்லி முடித்தேன். நிறுத்தினால் தளத்தைத் திட்ட ஆரம்பித்துவிடுவேன் என்று தெரியும்.

அவள் கையிலிருந்த களைக்கொத்தியில் ஒட்டியிருந்த மண்ணை விரலால் எடுத்தாள். வெகுநேரம் எடுத்தாள்.

"அவ எங்கம்மா?" என்று கேட்டேன். "அவகிட்டயும் சொல்லணும்."

"அவ மில்லுக்குப் போயிட்டாளே. ஆடி மாசமே."

கோவைப் பக்கம் ஒரு நூல் மில். ஊருக்கு ஊர் ஆள் பிடிக்கிற ஏஜெண்ட் ஒருவன் மலைக்கு வருவானாம்.

"இன்னா இன்னா பேப்பர் கேட்டான்?" என்றேன். ஏன் அதைக் கேட்டேன் என்று தெரியவில்லை. தொழில் புத்தி.

"ஒண்ணும் கேக்கலீங்க. பேரு கேட்டான். ஆதார போன்ல போட்டோ புடிச்சிக்கினான். கொல்லைக்கே வந்துட்டான், இதோ இங்கதான் நின்னான். நாளைக்கு வேன் வரும், நாலு செட் துணி எடுத்துக்கோன்னான். வந்துச்சு. வூட்டு வாசல்லயே வந்து ஏத்திக்கினான்." கொஞ்சம் நிறுத்திவிட்டுச் சொன்னாள். "எந்த ஊரு, எந்த மாவட்டம்னு அவன் கேக்கவே இல்ல."

எத்தனை தளங்களை எத்தனை வருடம் திட்டியிருக்கிறேன். இவ்வளவு சுலபமாக ஒரு பெண்ணை ஒரு இடத்தில் சேர்க்க முடியும் என்று அந்த ஏஜெண்டுக்குத்தான் தெரிந்திருக்கிறது. அவனிடம் காலண்டர் இல்லை, பட்டியல் இல்லை. அவளைத் தேடி அவள் நிற்கும் இடத்துக்கே வந்துவிட்டான்.

"அடுத்த வருசம் திரும்பப் போடலாம்மா. நானே வந்து போடறேன்" என்றேன்.

"மூணு வருசம் கழிச்சித்தான் மொத்தமா பணம் தருவானாம். நடுவுல வந்தா இல்லன்னுட்டான்." அவள் மறுபடியும் குனிந்து உட்கார்ந்தாள். ஒரு களையைப் பிடுங்கிப் போட்டாள்.

"என்னத் திட்டும்மா" என்றேன்.

"திட்டி இன்னா ஆவப்போவுது." அவள் தலை நிமிரவில்லை. "அவகிட்ட நானே சொல்றேங்க. பொங்கலுக்கு வுடுவானாம். அவ அப்பவே சொன்னா எங்கிட்ட, பஸ்ஸுல போவும்போதே. அந்தக்கா தப்பா போட்டுடுச்சு, கேட்டா திட்டும்மான்னா. நான்தான், படிச்சவங்களுக்குத் தெரியாதா, சும்மா வாடின்னேன்."

நான் வரப்பிலிருந்து எழுந்து, அவள் பக்கத்துச் சாலில் குனிந்து களை பிடுங்க ஆரம்பித்தேன். எனக்கு எது களை, எது சாமை என்று தெரியாது. இரண்டு மூன்று பிடுங்கியதும் அவள் என் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"வுடுங்க. அது பயிரு."